அப்பாவின் ஹெரால்டை மேஜை மேல் நிறுத்த முடியுமா? – மாடல் கார் கேள்வி பதில்

மாடல் கார் செய்வது, சேர்ப்பது பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொன்னதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: பெட்டியில் 1:18, 1:24, 1:43, 1:64 என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். எதில் ஆரம்பிப்பது? இத்தனை அளவு எதற்கு? – திருநெல்வேலி

நிஜ வண்டியின் நீளத்தை அந்த எண்ணால் வகுத்தால் மாடலின் நீளம் வரும், அவ்வளவுதான். அம்பாசடர் சுமார் 4.3 மீட்டர். அது 1:18-இல் 24 செ.மீ., 1:24-இல் 18 செ.மீ., 1:43-இல் 10 செ.மீ., 1:64-இல் ஏழு செ.மீ.கூட வராது, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

இத்தனை அளவு வந்ததற்குக் காரணம், யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. 1:43 ரயிலிலிருந்து வந்தது. லிவர்பூல் மெக்கானோ கம்பெனி தன்னுடைய ஹார்ன்பி பொம்மை ரயிலுக்குப் பக்கத்தில் நிறுத்துவதற்காக 1930களில் சின்னச் சின்ன வண்டிகள் செய்தது, பிறகு அவைதான் டிங்கி டாய்ஸ் ஆயின. அந்த ரயிலில் நிஜத்தின் ஒரு அடிக்கு 7 மி.மீ. என்று கணக்கு, வகுத்துப் பாருங்கள், 43.5 வரும். 1:24 என்பது ஒரு அடிக்கு அரை அங்குலம். அமெரிக்க கிட்கள் (நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்களாக வரும் மாடல்கள்) பலவும் 1:25-இல் வருவதற்குக் காரணம், அங்கே கார் ஷோரூம்களில் கொடுத்த விளம்பர மாடல்கள். அவற்றைச் செய்துவந்த ஏஎம்டி கம்பெனி 1958 முதல் அதே அளவில் கிட்களையும் விற்க ஆரம்பித்தது. ஹாட் வீல்ஸ் 1:64 என்று சொல்கிறோம், ஆனால் அட்டையில் அடங்க வேண்டும் என்பதால் பெரிய வண்டி கொஞ்சம் சுருங்கியும் சின்ன வண்டி கொஞ்சம் பெருத்தும்தான் வரும்.

செய்து பார்க்க ஆசை என்றால் 1:24 பிளாஸ்டிக் கிட் வாங்குங்கள், கைக்கு அடங்கும், கண்ணுக்கும் தெரியும். சேர்க்க ஆசை என்றால் அலமாரியை அளந்துவிட்டு 1:43 அல்லது 1:64. எதை எடுத்தாலும் அந்த ஒரே அளவில் நில்லுங்கள். 1:18 ஜாகுவாருக்குப் பக்கத்தில் 1:43 பென்ஸை வைத்தால் இரண்டுமே பொம்மையாகத்தான் தெரியும்.

கேள்வி: எங்கள் அப்பா எழுபதுகளில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருந்தார், நாலு கதவு, இளம் பச்சை. அவருடைய பிறந்தநாளுக்கு அதையே மாடலாகச் செய்து கொடுக்க வேண்டும். கிட் கிடைக்குமா? எனக்கு முன் அனுபவம் இல்லை. – தாம்பரம்

வந்த கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ஃப் வண்டி, வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி. அதை நம் ஊரில் செய்தது சென்னையில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ், 1960களின் தொடக்கத்திலிருந்து. இங்கிலாந்தில் அதன் ஸலூன் வண்டிக்குக் கடைசி வரைக்கும் இரண்டு கதவுதான். நாலு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கென்று இங்கேயே செய்தது. உங்கள் சிக்கலும் இதில்தான் இருக்கிறது. ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் 1:32 ஹெரால்டு கிட் ஒன்று உண்டு, பழைய அச்சு, பிறகு மறுபடியும் வெளிவந்திருக்கிறது. முடிந்தால் சுமார் 12 செ.மீ. நீளம் இருக்கும். வான்கார்ட்ஸ் வரிசையில் 1:43-இலும், ஆக்ஸ்ஃபோர்டு டை-காஸ்டில் 1:76-இலும் ரெடிமேடாகவே வந்திருக்கிறது. ஆனால் எல்லாமே இங்கிலாந்து வண்டி, இரண்டு கதவு.

ஆகவே ஏர்ஃபிக்ஸ் கிட்டை வாங்கி நாலு கதவாக மாற்ற வேண்டும். பயப்பட வேண்டாம், அந்தக் கிட்டில் கதவு திறக்காது, பாடியில் வெறும் கோடுதான். பழைய கோட்டில் பட்டி வைத்து அடையுங்கள். டிங்கரிங் பட்டறையில் பெரிய காருக்குச் செய்வார்களே அதே வேலை, ஆனால் மாடல் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பட்டியாக இருக்கட்டும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, 600 வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் விரலுக்குக் கோடு தட்டாது. புதுக் கோடு எங்கே வர வேண்டும் என்பதற்கு வீட்டு ஆல்பம்தான் வழிகாட்டி. வண்டியைப் பக்கவாட்டில் நேராக எடுத்த போட்டோ ஒன்று இருந்தால் போதும். ஹெரால்டில் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் நடுவே 91.5 அங்குலம், 1:32-இல் அது 72.6 மி.மீ. போட்டோவில் அதே தூரம் எத்தனை மி.மீ. வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். கதவுக் கோடு முன் சக்கரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் அளந்து விகிதம் போட்டால் மாடலில் புள்ளி வைக்க வேண்டிய இடம் கிடைத்துவிடும். அங்கே தடித்த டேப்பை ஒட்டி, அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஊசி முனையால் மெதுவாக, அழுத்தாமல், பத்துப் பன்னிரண்டு முறை இழுங்கள். ஒரே இழுப்பில் ஆழமாகக் கீறப் பார்த்தால் ஊசி வழுக்கி பாடி முழுக்க ஓடிவிடும். இரண்டு கதவுக்கும் நடுவில் வரும் தூணுக்கு 1 மி.மீ. பிளாஸ்டிக் பட்டை ஒன்றை வெட்டி ஒட்டினால் சரி.

குரோம் பட்டைகளைப் பெயிண்டில் போடாதீர்கள், சாம்பல் கோடு மாதிரி இருக்கும். பேர்-மெட்டல் ஃபாயில் என்று, பின்னால் பசை தடவிய மிக மெல்லிய உலோகத் தாள் விற்கிறது. தேவையைவிடக் கொஞ்சம் அகலமாக வெட்டி, கண்ணாடி ஓரத்தில் பதித்து, பல் குத்தும் குச்சியால் நீவுங்கள். அடியில் இருக்கும் விளிம்பு மேலே எழுந்து தெரியும். புது பிளேடால் அந்த விளிம்பின் ஓரமாகவே வெட்டி மிச்சத்தை உரித்தால் நிஜ வண்டியின் பீடிங் அப்படியே நிற்கும். பிளேடு புதிதாக இருக்க வேண்டும் என்பது முக்கியம், மழுங்கினது ஃபாயிலை வெட்டாது, கிழிக்கும்.

பச்சைக்கு உங்கள் நினைவை மட்டும் நம்பாதீர்கள், பழைய கலர் போட்டோவும் மங்கியிருக்கும். அப்பாவிடமே இரண்டு மூன்று பச்சையை அட்டையில் அடித்துக் காட்டுங்கள், எதற்கென்று சொல்ல வேண்டாம். முன் அனுபவம் இல்லை என்கிறீர்கள், அதனால் முடிந்தால் கிட் இரண்டாக வாங்குங்கள். ஒன்றில் வெட்டிப் பழகிவிட்டு மற்றதில் கை வையுங்கள். பிறந்தநாளுக்கு மூன்று மாதமாவது இருக்கட்டும்.

கேள்வி: காற்றழுத்தத்தில் பெயிண்ட் தூவும் ஏர்பிரஷ் இல்லை, மொட்டை மாடியில் ஸ்ப்ரே டப்பாதான். போன ஐப்பசியில் அடித்த கறுப்பு பாடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. பெயிண்ட் கெட்டுப்போனதா? – நாகப்பட்டினம்

பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான், காற்றில் இருந்த ஈரம்தான் காரணம். லாக்கர் பெயிண்டில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பாடியின் மேல்பரப்பு குளிர்ந்துவிடும், மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும், அதுதான் அந்த வெள்ளைப் பூப்பு. கடலோர ஊர்க்காரர்களுக்கு இது பெரிய தொல்லை. மழை நாளில் அடிக்காதீர்கள். வெயில் நன்றாக ஏறிய பிறகு, காலை பத்து மணிக்கு மேல், உலர்ந்த நாளாகப் பார்த்து அடியுங்கள். பூத்துப்போன பாடியைத் தூக்கிப் போட வேண்டாம், நல்ல வெயில் நாளில் அதே பெயிண்டை மிக மெல்லிசாக இன்னொரு கோட் அடித்தால் பல சமயம் சரியாகிவிடும். இல்லையென்றால் காயவிட்டு 2000 வாட்டர் பேப்பரில் தேய்த்துவிட்டு மறுபடியும் அடியுங்கள்.

ஏர்பிரஷ் இல்லாதது ஒரு குறையே இல்லை, ஸ்ப்ரே டப்பாவில் அருமையான பாடி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வித்தியாசம் அடிப்பதற்கு முன்பு செய்யும் வேலையில்தான். பாடியைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவுங்கள், அச்சிலிருந்து எடுக்கும்போது தடவிய எண்ணெய் அதில் ஒட்டியிருக்கும், அதன் மேல் பெயிண்ட் பிடிக்காது. பிறகு சாம்பல் ப்ரைமர். ப்ரைமர் காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பாடியைச் சாய்த்துப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் கண்ணுக்கே படாத அச்சு இணைப்புக் கோடு கூரையின் இரண்டு பக்கமும் மயிரிழை மாதிரி ஓடுவது அப்போதுதான் தெரியும். அதைத் தேய்த்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் மட்டும் திரும்ப ப்ரைமர். கலரை ஒரே கோட்டில் மூடப் பார்க்காதீர்கள், முதல் கோட் தூவின மாதிரி இருந்தால் போதும். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அடித்தால் துளி பொடிப்பொடியாக விழும், கொதிக்கிற தண்ணீர் மட்டும் கூடவே கூடாது, டப்பா வெடிக்கும்.

சிவப்புப் பிளாஸ்டிக் பாடியில் வெள்ளை அடித்தால் இரண்டு நாளில் ரோஸ் நிறமாகிறது என்று தூத்துக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பிளாஸ்டிக்கில் இருக்கும் சாயம் மேலே ஏறுகிறது, நடுவில் வெள்ளி நிறம் ஒரு கோட் அடித்துவிட்டு வெள்ளை அடியுங்கள், நின்றுவிடும்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரைப் பிளாஸ்டிக் பாடியில் தொடவே வேண்டாம், பாடி கரைந்துவிடும். மொட்டை மாடியே ஆனாலும் மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டு அடிப்பது போதாது, தின்னர் ஆவியைத் துணி தடுக்காது. கரி ஃபில்டர் உள்ள பெயிண்டர் மாஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள். நான் பெயிண்டுக்குச் செலவு செய்யச் சொல்வதற்கு முன்னால் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான்.

கேள்வி: ஹாட் வீல்ஸ் குறைவாகச் செய்து மற்ற வண்டிகளோடு கலந்து அனுப்பும் டிரஷர் ஹண்ட் வண்டிகளை வாங்கிப் பிரிக்காமல் வைத்தால் பத்து வருஷத்தில் நல்ல விலை போகும் என்கிறார்கள். முதலீடாக வாங்கலாமா? – கோயம்புத்தூர்

வேண்டாம். பணத்துக்கு வங்கி இருக்கிறது.

எது விலை போகிறது என்று யோசித்துப் பாருங்கள். பழைய டிங்கிக்குப் பெட்டியோடு இருந்தால் விலை ஏன்? அந்தக் காலத்துக் குழந்தைகள் பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டு, வண்டியை மண்ணில் ஓட்டி உடைத்ததால்தான். ஹாட் வீல்ஸ் சேகரிப்பவர்கள் வாய் பிளக்கும் 1969-இன் ஃபோக்ஸ்வேகன் பீச் பாம் வேனை எடுத்துக்கொள்ளுங்கள், பின்புறக் கண்ணாடி வழியாக அலைச்சறுக்குப் பலகை நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முதல் வடிவம், மோட்டார் வைத்து வண்டியைத் தள்ளிவிடும் கம்பெனியின் சூப்பர் சார்ஜர் பாதையில் சரியாக ஓடவில்லை, உடம்பு ஒல்லி. அதனால் பலகைகளைப் பக்கவாட்டுக்கு மாற்றி வண்டியை அகலப்படுத்தித்தான் கடைக்கு அனுப்பினார்கள். முதல் வடிவம் கடைக்கே வராததால் இன்று கொஞ்சமே மிச்சம், அதனால் விலை. இதெல்லாம் யாரும் திட்டமிடாமல் நேர்ந்த அபூர்வம். டிரஷர் ஹண்டோ 1995-இலிருந்து தேடி எடுக்கச் சொல்லியே விற்கிறார்கள், எடுத்தவர்கள் எல்லோரும் பத்திரமாகவே வைத்திருக்கிறார்கள். எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கும் பொருள் எப்படி அபூர்வமாகும்?

இன்னொன்று, எனக்கு மனசு கொதிக்கிற விஷயம். கடையில் பெட்டி திறந்ததும் பெரியவர்கள் புகுந்து நல்லதை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள். ஒரு வண்டிக்காக வீட்டில் கெஞ்சி வந்த பையன் வெறும் கொக்கியைப் பார்த்துவிட்டுப் போகிறான். உங்களுக்குப் பிடித்த வண்டியா, ஒன்று வாங்குங்கள், பிரித்துக் கையில் எடுத்துப் பாருங்கள். சூப்பர் டிரஷர் ஹண்டின் ரப்பர் டயரும் கண்ணாடி போல மின்னும் ஸ்பெக்ட்ராஃப்ளேம் பெயிண்டும் அட்டைக்குள்ளேயே கிடப்பதற்காகவா செய்தார்கள்?

கேள்வி: பரணில் தாத்தா காலத்து இரும்பு வேன் ஒன்று கிடைத்தது, அடியில் நிக்கி டாய்ஸ் என்று இருக்கிறது. பெயிண்ட் உதிர்ந்துவிட்டது. புதிதாக அடித்து டயர் மாற்றலாமா? – காரைக்குடி

கையை எடுங்கள், ஒன்றும் செய்யாதீர்கள்!

அது இரும்பு இல்லை, துத்தநாகக் கலவை, உருக்கி அச்சில் ஊற்றியது. டிங்கி டாய்ஸ் தன்னுடைய பழைய அச்சுகளில் சிலவற்றை இந்தியாவுக்குக் கொடுத்துவிட்டது; கல்கத்தாவின் அடாம்கோ கம்பெனி அவற்றை வைத்து 1960களின் பிற்பகுதியிலிருந்து நிக்கி என்ற பெயரில் வண்டிகள் செய்தது. ஆரம்பத்தில் வந்த சிலவற்றில் அடித்தட்டில் டிங்கி பெயரைத் தேய்த்து எடுத்த தடம்கூடத் தெரியும். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது ஸ்டாண்டர்ட் 20 மினி பஸ் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் அட்லஸ் வேனுக்காகச் செய்த டிங்கி அச்சு அது, அந்த வேனைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்ட் 20 என்று தயாரித்தார்கள். பெயிண்ட் முக்கால்வாசி உதிர்ந்திருந்தாலும் பழைய பெயிண்டோடு இருப்பதற்குத்தான் மதிப்பு, புதிதாக அடித்துவிட்டால் அது வெறும் பொம்மை. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு, மென்மையான பிரஷ், உடனே துணியால் ஒற்றி எடுங்கள், போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாடியில் மெல்லிய வெடிப்பு வலைபோல் படர்ந்திருக்கிறதா, கதவுப் பக்கம் உப்பியிருக்கிறதா? அது கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்ததால் உள்ளிருந்து அரிக்கும் நோய், உலகப் போருக்கு முந்திய டிங்கிகளில் ரொம்பச் சகஜம். மருந்து கிடையாது, சூடும் ஈரமும் குறைந்த இடத்தில் வைத்தால் மெதுவாகும். பக்கத்து வண்டிக்குத் தொற்றும் என்று சொல்வார்கள், தொற்றாது.

கேள்வி: மாடல்களை ஷோகேஸில் எப்படிப் பாதுகாப்பது? – சிங்கப்பூர்

நேர் வெயில் படாத சுவர், மூடிய கண்ணாடி, சிலிக்கா ஜெல் பொட்டலம். பாச்சா உருண்டை போடவே போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். மென்மையான டயர்களில் இருக்கும் எண்ணெய்ப் பொருள் கசிந்து கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டைத் தின்னும், வருஷக்கணக்கில் நின்ற வண்டியைத் தூக்கினால் நாலு பள்ளம் இருக்கும். அடிப்பாகத்துக்குக் கீழே சின்னக் கட்டை வைத்து டயர் தரையில் படாமல் ஒரு மயிரிழை தூக்கி நிறுத்துங்கள். அட்டைப் பெட்டிகளைத் தனியாக அடுக்கினால் ராமபாணப் பூச்சி வருகிறதா என்று அவ்வப்போது திறந்து பாருங்கள், பெட்டியோடு ஸ்டிக்கர் தாளையும் தின்றுவிடும்.

கேள்வி: நல்ல கிட் என்றாலே ஜப்பான், அதிலும் ஒரே ஊர்ப் பெயர். ஏன் அப்படி? – யாழ்ப்பாணம்

அந்த ஊர் ஷிசுவோகா. தமியா, அவோஷிமா, ஃபுஜிமி ஆகிய கிட் கம்பெனிகள் மூன்றும் அங்கேதான், ஹசெகாவா பக்கத்து ஊரான யைசுவில். கோயில், கோட்டை வேலைகளுக்காகப் பல தலைமுறையாகத் தச்சர்கள் குடியிருந்த ஊர், சுற்றிலும் மரம். அதனால் மர மாடல் கிளைடரும் கப்பலும் செய்யும் தொழில் வளர்ந்தது. தமியாவே 1946-இல் மரக் கம்பெனியாகத்தான் தொடங்கியது, 1951-இல் கிடங்கில் தீப்பிடித்து மரம் எல்லாம் போன பிறகுதான் மாடல் பக்கம் முழுதாகத் திரும்பினார்கள். 1950களின் பிற்பகுதியில் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கிட்கள் வந்து மரத்தைத் தள்ளிவிட, இவர்களும் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். 1967-இல் ஹோண்டாவின் ஃபார்முலா ஒன் வண்டியை 1:12-இல் கொண்டுவந்தார்கள்.

எனக்கு அவர்களிடம் மரியாதை வந்தது எழுபதுகளின் போர்ஷே விஷயத்தில்தான். 1976-இல் வந்த போர்ஷே 934 கிட்டுக்காக நிஜப் போர்ஷே 911 ஒன்றையே வாங்கிப் பிரித்துப் போட்டுப் பார்த்தார்களாம், கம்பெனித் தலைவராக இருந்த ஷுன்சாகு தமியாவே அதைச் சொல்லியிருக்கிறார். தமியா கிட்டில் பாடியும் சேஸிஸும் பட்டி இல்லாமலே பொருந்துகிறதே, அது சும்மா வருவதில்லை. முதல் கிட் எது என்று கேட்ட எல்லோருக்கும் இதுவே பதில்: தமியாவின் 1:24-இல் உங்களுக்குப் பிடித்த எதுவானாலும் சரி.

கேள்வி: பையனுக்கு 11 வயது, கிட் கேட்கிறான். கத்தி, பசை என்றால் பயமாக இருக்கிறது. – மதுரை

பசையே இல்லாமல் அழுத்திப் பொருத்தும் ஸ்னாப் கிட்கள் உண்டு, அதில் ஆரம்பியுங்கள். கத்திக்குப் பதில், கட்டிங் பிளேயர் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் வெட்டும் கட்டர் கொடுங்கள். முதல் வண்டிக்கு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் பிடுங்கிச் செய்யாதீர்கள். ஹெட்லைட் கோணலாக ஒட்டினால் ஒட்டட்டும்.

கேள்வி: வயது 62. சின்னக் கண்ணாடிகளை ஒட்டினால் சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்துவிடுகிறது, கையும் நடுங்குகிறது. விட்டுவிடலாமா? – சேலம்

ஏன் விட வேண்டும்? அந்தப் புகை சூப்பர் க்ளூவின் ஆவி, தெளிவான பிளாஸ்டிக்கில் பட்டால் அப்படித்தான் மங்கும். கண்ணாடிக்கு ஃபெவிகால் போதும். பல் குத்தும் குச்சி முனையில் தொட்டு ஓரத்தில் வையுங்கள், காய்ந்தால் நிறம் தெரியாது, வழிந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். அப்புறம் கை நடுக்கம். இரண்டு முழங்கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு, இரண்டு மணிக்கட்டும் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி பிடித்துப் பாருங்கள், பாதி நடுக்கம் அடங்கிவிடும். தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி ஒன்று, பின்புறமிருந்து இல்லாமல் பக்கவாட்டிலிருந்து விழுகிற விளக்கு ஒன்று. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு உட்காராதீர்கள், காலையில் கை நிதானமாக இருக்கும்போது உட்காருங்கள்.